ஜிப்சியின் பல்லை எண்ணிய கதை

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குப் பாகம் வாங்கப் போனால், கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எந்த வருஷ மாடல்?" என்பதுதான். புது வண்டிக்கு அந்தக் கேள்வி போதும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பல கைகள் மாறி ஓடிய வண்டிக்கு அதற்கு ஒரே பதில் கிடையாது. கோத்தகிரியில் என்னிடம் இருக்கும் மாருதி ஜிப்சி கிங்கின் ஆர்.சி. புத்தகத்தில் 1998 என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் எஞ்சினும் பின் ஆக்சிலும் (பின் சக்கரங்களைச் சுற்றும் அச்சுத் தொகுதி) மட்டுமே அந்த ஆண்டைச் சேர்ந்தவை என்பதும், முன் ஆக்சிலுக்குள் வேறொரு வண்டியின் வயிறு இருக்கிறது என்பதும், ஒன்றரை ஆண்டுகள் தவறான பாகங்களை மாற்றிக்கொண்டிருந்த பிறகே எனக்குத் தெரியவந்தன.

ஜிப்சியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1985 டிசம்பரில் வந்த முதல் ஜிப்சியான எம்ஜி410, 970 சிசி எஞ்சினும் நான்கு கியரும் கொண்டது. 1993-இல் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடி, பெயரோடு ஒரு டபிள்யூ சேர்ந்தது. 1996-இல் 1,298 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட ஜிப்சி கிங், அதாவது எம்ஜி413டபிள்யூ வந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-இல் நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளித்தோற்றம் பெரிதாக மாறாததால், ஒன்றின் பாகம் இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்திவிடும். போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் பாகமும் சரியானதுதான் என்று நம்பிவிடுகிறோம். என் வண்டியின் முந்தைய உரிமையாளரும் அப்படி நம்பியவர்தான்.

இந்த வண்டியில் கியர் பாக்ஸும், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிப் பிறந்தவை அல்ல. கியர் பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் வழியாகச் சக்தி டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக ஆக்சில்களைச் சுற்றும் நீண்ட தண்டுகளான இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்கள் கிளம்புகின்றன. பல ஃபோர் வீல் வண்டிகளில் சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்ச் என்பது ஒன்றுக்கு ஒன்று, அதாவது நேர் இணைப்பு. ஜிப்சி கிங்கில் ஹை ரேஞ்சே 1.409 மடங்கு வேகத்தைக் குறைக்கிறது; கடினமான பாதைக்கான லோ ரேஞ்ச் 2.268 மடங்கு. ஆகவே ஊட்டிக்குக் காய்கறி வாங்கப் போனாலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்கள் பாரம் சுமந்துகொண்டேதான் இருக்கும். ஜிப்சியில் எப்போதும் கேட்கும் அந்த மெல்லிய முனகல் அங்கிருந்து வருவது. இன்னொன்று, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர லீவரைப் போட்டுவிட்டால் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்களும் ஒரே கம்பியைப் போலச் சேர்ந்து சுற்றும். இந்தக் கடைசிச் செய்தி எனக்கு வாய்ப்பாடு மாதிரித் தெரிந்திருந்தும், அதன் விளைவை நான் யோசிக்கவில்லை.

2016-இல் ஓர் எஸ்டேட் ஏலத்தில் வண்டியை எடுத்தேன். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் மட்டும் நான்கு சக்கரத்தையும் பயன்படுத்துவேன். சேற்றில் எந்தக் குறையும் தெரியாது. பாதை முடிந்து தார்ச்சாலையில் ஏறிய பிறகு லீவர் வெளியே வர மறுக்கும். வண்டியை இரண்டடி பின்னுக்கு எடுத்தால் டக்கென்ற ஓசையோடு கழன்றுவிடும். எல்லாப் பகுதிநேர ஃபோர் வீல் வண்டிகளிலும் ஓரளவு அப்படித்தான் இருக்கும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட, வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழி போகின்றன, அந்த வித்தியாசம் ஷாஃப்டில் முறுக்காகத் தங்கும். ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை.

பிறகு முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் வளைந்து கொடுக்கும் இணைப்பிலுள்ள சிலுவை வடிவத் துண்டான ஜாயிண்ட் கிராஸ் போனது. மாற்றினோம். எட்டு மாதத்தில் மறுபடியும் போனது. கழற்றிய கிராஸை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது, நான்கு தண்டுகளிலும் ஊசி பேரிங்குகள் பதிந்த கோடுகள் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தன. கிரீஸ் வற்றிப் போன கிராஸ் சிவந்து துருப்பிடித்திருக்கும். இதிலோ கிரீஸ் நிறைய இருந்தது; தாங்க முடியாத பாரம்தான் அதை நசுக்கியிருந்தது. நான் அதைக் கண்டும் படிக்கத் தெரியாமல், மலிவான கிராஸ்தான் காரணம் என்று முடிவுகட்டி, மூன்று மடங்கு விலையில் நல்ல தயாரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டேன். அது பதினோரு மாதம் வந்தது.

மூன்றாம் முறை வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியவர், பழைய மகிந்திரா ஜீப்புகளிலேயே கை பழகியவர். கிராஸை உள்ளங்கையில் வைத்து ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கிராஸ அப்புறம் பாக்கலாம். முன்னாடியும் பின்னாடியும் பல்லு ஒண்ணா இருக்கான்னு மொதல்ல எண்ணிருவோம்" என்றார். ஜீப்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. வில்லிஸ் வழிவந்த சிஜே-3பி ஜீப்பில் ஆக்சிலுக்குள் ஷாஃப்ட் சுற்றும் சிறு பற்சக்கரமான 8 பல் பினியனும், அது சுற்றும் பெரிய பற்சக்கரமான 43 பல் கிரவுனும் சேர்ந்த 5.38 விகிதம் (கிரவுன் ஒரு சுற்று வரப் பினியன் 5.38 சுற்று) பிரசித்தம். காலப்போக்கில் அந்த ஜீப்புகளில் வேறு விகித ஆக்சில்கள் புகுந்ததால், எண்ணிப் பார்க்காமல் அவர்கள் எதையும் வாங்குவதில்லை.

டிஃபரன்ஷியலைத் திறக்காமலேயே விகிதத்தைக் கண்டுபிடிக்க முடியும். பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன் இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் இரண்டு முன் ஹப்புகளையும் பூட்டி, லீவரை இரண்டு சக்கர நிலையிலேயே விட்டார். முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனைத் தட்டான ஃபிளாஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராக ஹவுசிங்கில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை அவர் மெதுவாகச் சுற்ற, நான் தரையில் படுத்தபடி ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணினேன். ஒரு சக்கரம் தரையில் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது, டிஃபரன்ஷியலின் உள்கூடு சக்கரத்தில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆகவே சக்கரம் 20 சுற்று வந்தால் கிரவுன் 10 சுற்று வந்திருக்கும். ஷாஃப்ட் 41 சுற்று முடித்து, சாக்பீஸ் கோடு சற்றே தாண்டி நின்றது. பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தில் அதையே செய்தோம். 39 சுற்றும் கொஞ்சமும். நம்பிக்கை இல்லாமல் இரண்டையும் மறுபடி எண்ணச் சொன்னேன். மாறவில்லை.

பின்னால் 3.909, முன்னால் 4.111. பிற்பாடு திறந்து பல்லை எண்ணியபோதும் அதுவே உறுதியானது: பின்னால் 43-க்கு 11, முன்னால் 37-க்கு 9. இரண்டுக்கும் 5 சதவீதத்துக்குச் சற்று மேலான வேறுபாடு. கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் நான்கு சக்கரமும் பூட்டியிருக்கும்போது, பின் சக்கரங்கள் ஒரு கிலோமீட்டர் உருண்டால் முன் சக்கரங்கள் 951 மீட்டர்தான் உருள முடியும். மீதி 49 மீட்டரை யாராவது சறுக்கித்தான் தீர்க்க வேண்டும். சேற்றில் டயர் சறுக்கிக் கணக்கை நேர்செய்துவிடும். கெட்டித் தரையில் டயர் சறுக்க மறுக்கும். அப்போது அந்த 49 மீட்டரும் முறுக்காக ஏறி, இருப்பதிலேயே பலவீனமான இடத்தைத் தேடும். என் வண்டியில் அந்த இடம் ஜாயிண்ட் கிராஸ். அது உடைந்துகொண்டே இருந்ததால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்களும் முன் கிரவுனும் பிழைத்தன. உறுதியான கிராஸ் போட்டு நான் செய்ய முயன்றது எவ்வளவு முட்டாள்தனம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி முன்னதைப் பின்னதற்கு ஒப்பாக்குவதா, பின்னதை முன்னதற்கு ஒப்பாக்குவதா என்பதே கேள்வி. என் முதல் எண்ணம், வண்டியைப் பிறந்தபடி 3.909-க்குக் கொண்டுவருவது. கிங் வண்டிகளின் பாகங்கள் ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கின்றன. புத்தகத்தில் உள்ளபடி இருந்தால் நாளைக்கு வேறு பாகம் வாங்குவதும் எளிது. ஆனால் மெக்கானிக் டயரைப் பார்க்கச் சொன்னார். வண்டியோடு வந்த அளவு 205/70 ஆர்15. அதன் விட்டம் 668 மில்லிமீட்டர். முந்தைய உரிமையாளர் போட்டிருந்ததும், நானும் மாற்றாமல் வாங்கியதும் 215/75 ஆர்15. விட்டம் 703 மில்லிமீட்டருக்கு மேல். 5.3 சதவீதம் பெரிது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் 33 கிலோமீட்டரில் மூன்றாம் கியர் திணறி இரண்டுக்கு இறங்க வேண்டியிருந்ததன் காரணம் எஞ்சினின் வயது என்றே நினைத்திருந்தேன். பெரிய டயர் பின்னால் இருந்த 3.909-ஐ நடைமுறையில் 3.71 ஆக்கிவிட்டிருந்தது. கார்புரேட்டர் கிங்கிடம் இருப்பதே சுமார் 60 குதிரைத் திறன். அதன் இழுவையில் 5 சதவீதத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

4.111-ஐ 1.053-ஆல் வகுத்துப் பாருங்கள். 3.904 வருகிறது. அதாவது இரண்டு ஆக்சிலிலும் 4.111 இருந்து, டயர் 215/75 ஆக இருந்தால், வண்டியின் இழுவை கம்பெனி கொடுத்த அளவுக்கு அப்படியே திரும்பிவிடும். ஜிப்சியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து எடுக்கப்படுவதால், அதுவும் சரியாகிவிடும். அதுவரை முள் 60 காட்டும்போது நான் 63-இல் போய்க்கொண்டிருந்தேன். முன் ஆக்சிலைத் தொடவே வேண்டியதில்லை. பின்னால் மட்டும் மாற்றினால் போதும். முன் ஆக்சிலில் 4.111 போட்டவர் இதையெல்லாம் யோசித்துப் பாதியில் நிறுத்தினாரா, கிடைத்ததை மாட்டினாரா என்பது எனக்கு இன்றும் புதிர்தான்.

இதே டயர்க் கணக்கை 235/75 ஆர்15 போட ஆசைப்படுகிறவர்களும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். விட்டம் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். அதற்கு ஈடுகட்ட டிரான்ஸ்ஃபர் கேஸில் 4.16, 4.9 என்று லோ ரேஞ்சை இன்னும் தாழ்த்தும் கியர் செட்டுகள் வெளிநாடுகளில் விற்கின்றன. பாறை ஏறும் விளையாட்டுக்கு அவை உகந்தவை. என்னுடைய வேலைக்கு, லோ ரேஞ்ச் முதல் கியரில் கம்பெனி கொடுத்த மொத்த விகிதமான 32.4-ஏ தாராளம், தோட்டத்தில் அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

4.111 கிரவுன் பினியனைத் தேடிய மூன்று மாதத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முதலில் கிடைத்தது ஒரு பழைய டிஃபரன்ஷியல் முழுதாக. பல் எண்ணிக்கை சரியாக இருந்தது; ஆனால் ஆக்சில் ஷாஃப்ட் நுழையும் வரிப்பற்கள், அதாவது ஸ்பிளைன், 22. என் வண்டியின் ஷாஃப்டில் 26. பழைய எம்ஜி410 வகையில் இந்தச் சிக்கல் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால், கையோடு ஒரு ஆக்சில் ஷாஃப்டைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். பேச்சே தேவைப்படவில்லை, நுழைக்கப் பார்த்தோம், நுழையவில்லை, திரும்பி வந்தேன்.

இரண்டாவது வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து தபாலில் வந்தது. "புதுசு, செட்டு" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக உரசிப் பொருத்தப்படுகிறவை. அதனால் இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறிப்பது வழக்கம். மேலிருந்த மசகைத் துடைத்தபோது பினியன் தலையில் ஓர் எண்ணும் கிரவுனின் விளிம்பில் வேறோர் எண்ணும் இருந்தன. பல் எண்ணிக்கை சரி, ஸ்பிளைனும் சரி, ஜோடி மட்டும் இல்லை. மாட்டினால் ஓடும், ஆனால் ஹைபாய்டு கியர்களில் பல் மீது பல் உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்வதால், பழகாத இரண்டு முகங்கள் சேர்ந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் அலறத் தொடங்கும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தார்; அது இப்போதும் என் வீட்டு அட்டத்தில் கிடக்கிறது. மூன்றாவது, எம்ஜி410டபிள்யூ ஒன்றிலிருந்து கழற்றியது. பழையதுதான், ஆனால் ஜோடி. பற்களின் முகம் சீராக மினுங்கியது, குழி இல்லை, விளிம்பு உடையவில்லை. ஜோடி தவறிய புதியதைவிட ஜோடியான பழையதே மேல் என்று அதை எடுத்தேன்.

பழையது எடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பற்களைப் பழையதாக வாங்கலாம். பேரிங்கையும் சீலையும் வாங்கக் கூடாது. இவற்றை வண்டியின் பெயர் சொல்லிக் கேட்பதைவிட, எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. டேப்பர் பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் பெரும்பாலும் உள்விட்டம் வந்துவிடும். 30205 என்றால் 25 மில்லிமீட்டர். அதே எண்ணுள்ள பேரிங்கை எந்த நல்ல பேரிங் கடையிலும் நம்பகமான தயாரிப்பில் வாங்கலாம். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று அளவுகள் போதும். ஆனால் அதற்கு முன் ஃபிளாஞ்சில் சீல் உதடு உரசும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சீலும் ஒழுகும்.

பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கிக் கொடுக்கும் ஒரு ஸ்லீவ் இருக்கிறது. நட்டை இறுக்கும்போது அது நசுங்கி, பேரிங்குகளுக்குத் தேவையான இறுக்கத்தைத் தருகிறது. ஒரு முறை நசுங்கியதை மறுபடி பயன்படுத்தக் கூடாது, விலையும் அற்பம். ஆனாலும் பலர் பழையதையே போட்டு மூடிவிடுகிறார்கள். எங்கள் மெக்கானிக் ஃபிளாஞ்சில் ஒரு நூலைச் சுற்றி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்து, பினியன் எத்தனை பாரத்தில் சுற்றத் தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, நட்டை இம்மி இம்மியாக இறுக்கினார். அளவைத் தாண்டிவிட்டால் பின்வாங்க முடியாது. புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் ஒரு முறை தாண்டிவிட்டோம். இரண்டு ஸ்லீவ் வாங்கி வரச் சொன்னதன் காரணம் அப்போது புரிந்தது. பிறகு கிரவுன் பற்களில் நீலச் சாயம் பூசிச் சுற்றி, பினியன் பதியும் தடம் பல்லின் நடுவில் விழும்வரை மெல்லிய இடைத்தகடான ஷிம்மை மாற்றிக்கொண்டிருந்ததில் ஒரு முழு நாள் போனது.

முன் ஷாஃப்டுக்கு நான்காவது கிராஸ் போட்டபோது இன்னொரு தவறும் வெளிப்பட்டது. நீளம் மாறுவதற்காக ஷாஃப்டின் நடுவில் ஸ்பிளைன் வைத்த சறுக்கு இணைப்பு இருக்கிறது. முன்பு யாரோ கழற்றி மாட்டியபோது அதில் ஒரு பல் தள்ளி நுழைத்துவிட்டார்கள். ஜாயிண்ட் கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இரண்டு முறை கூடிக் குறையும். இரு முனைகளின் கவட்டைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் ஒன்றின் ஏற்றத்தை மற்றது சரிக்கட்டும். கழற்றும் முன் இரு பக்கமும் பெயிண்டால் புள்ளி வைத்துவிட்டால் இந்த வினை வராது.

எண்ணெய் விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. ஆக்சில்களின் ஹைபாய்டு பற்களுக்கு ஜிஎல்-5 தரத்து எண்ணெய் வேண்டும். கியர் பாக்ஸில், கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருப்பதால் அங்கே ஜிஎல்-4. பல ஜிஎல்-5 எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்மம் பித்தளையை அரிக்கும். ஒரே கேனை வாங்கி எல்லாவற்றிலும் ஊற்றிவிடலாம் என்று சொல்லும் பட்டறையில் கியர் பாக்ஸ் வேலையை நான் ஒப்படைக்க மாட்டேன்.

வண்டி தரையிறங்கியதும் முதல் வேலையாகச் சாக்பீஸை எடுத்தோம். முன்னால் 41-ம் கொஞ்சமும். பின்னால் 41-ம் கொஞ்சமும். 500 கிலோமீட்டரில் பின் எண்ணெயை வடித்தபோது, டிரெயின் பிளக்கில் விபூதியைக் குழைத்தது போன்ற மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு மட்டும் இருந்தது. விரலில் தேய்த்தால் துணுக்கு எதுவும் குத்தவில்லை. தோட்டப் பாதை முடிந்து தாரில் ஏறினால் லீவர் இப்போது ஒரு விரலுக்கு வருகிறது. கோத்தகிரி ஏற்றத்தில் கடைசி வளைவுகள் தவிர மூன்றாம் கியரே போதுகிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் திறக்கவில்லை. அதன் முனகல் முன்பைவிடக் கூடியிருக்கிறதா, மற்ற ஓசைகள் அடங்கியதால் அது மட்டும் காதில் விழுகிறதா என்று எனக்கும் மெக்கானிக்குக்கும் இன்னும் கருத்து வேறுபாடு. முழு டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று மலிவாக வந்தது. அதன் ஹை ரேஞ்ச் 1.409-ஆ, பழைய வண்டிகளின் 1.580-ஆ என்று விற்றவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உள் ஷாஃப்டைப் பத்துச் சுற்று சுற்றி எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எண்ணெயெல்லாம் சிந்தும், வேண்டாம் என்றார். வாங்கவில்லை. தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் இருப்பதையே கழற்றி, பேரிங் எண்களைக் குறித்துக்கொண்டு வரலாம் என்று இருக்கிறோம்.